சண்டிராணி என்று ஒரு வசவு

எங்க அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பொண்ணு தன் இஷ்டத்துக்கு எதையாவது முடிவு பண்ணிட்டா, ஊர் வாயில ரெண்டு வார்த்தை தயாரா இருக்கும். கல்யாணம் ஆனவள்னா "அந்த வீட்ல அல்லி ராஜ்ஜியம்". ஆகாதவள்னா "சரியான சண்டிராணி". யோசிச்சுப் பார்த்தா ரெண்டுமே ராணிகள். திட்டுறதுக்குக்கூட நம்மாளுங்க ராஜா ராணிக் கதையைத்தான் எடுக்கிறாங்க.

அல்லி கதை உங்களில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க மாவட்டத்துல தெருக்கூத்து இன்னும் உசுரோட இருக்கு. கூத்துக்குப் பேர் போன புரிசை செய்யாறு பக்கம்தான். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா ராத்திரி முழுக்கக் கூத்து. அதுல அல்லி அர்ஜுனா வரும். மதுரையை ஆளுற அல்லி ஆம்பளை வாடையே ஆகாதுன்னு இருக்கா. அர்ச்சுனன் பாம்பு வடிவத்துல அவ கட்டிலுக்குப் போய், தூங்கும்போது தாலி கட்டிட்டு வந்துடறான். கட்டியங்காரன் நடுநடுவே வந்து கிண்டல் அடிக்க, ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். காதல் இருக்கு, காமெடி இருக்கு, மாயம் இருக்கு. இங்கிலீஷ்காரன் 'ரொமாண்டிக் காமெடி' என்று பேர் வைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே நம்மிடம் சரக்கு இருந்தது. ஒரே ஒரு சங்கடம். கதை முழுக்க அல்லியுடையது, தந்திரம் மட்டும் அர்ச்சுனனுடையது. போதாக்குறைக்கு அல்லி வேஷம் கட்டுவதும் ஆண்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ராஜா ராணிக் கதைகள் கூத்துக் களத்திலிருந்து சினிமாவுக்குப் போனபோது இந்தச் சங்கடம் என்ன ஆச்சு? நான் ரொம்ப நாளா நோண்டிக்கிட்டு இருக்கிற கேள்வி இது. நோண்டிக்கொண்டே போனால் 1953-இல் வந்த ஒரு படத்தில் போய் முட்டிக்கொள்கிறேன். படத்தின் பெயர் சண்டிராணி. எடுத்தது ஒரு சொந்தக் கம்பெனி. இயக்கியது, நடித்தது, பாடியது எல்லாம் ஒரே ஆள், பி. பானுமதி. கொஞ்சம் கொசுவத்தி சுத்தினால்தான் இந்தப் படம் எங்கிருந்து வந்ததென்று புரியும். பொறுத்துக்குங்க.

முதல் தமிழ் பேசும் படம் என்று நாம் சொல்லும் காளிதாஸ் 1931 அக்டோபர் 31-இல் வந்தது. பம்பாயில் அர்தேஷிர் இரானி கம்பெனி எடுத்தது, இயக்கம் எச்.எம். ரெட்டி. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள் என்ற தகவலை எல்லாரும் சொல்வார்கள். கதையை யாரும் கவனிப்பதில்லை. அது அப்பட்டமான ஒரு பாட்டிக் கதை. மந்திரி மகனைக் கட்டிக்க மாட்டேன் என்கிறாள் இளவரசி. கோபம் கொண்ட மந்திரி, ஒன்றும் தெரியாத ஒரு மாடு மேய்க்கிறவனைப் பிடித்து வந்து, ஏமாற்றி அவளுக்குக் கட்டிவைத்துவிடுகிறார். சிண்ட்ரெல்லாவைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. அடுப்படிப் பெண்ணுக்கு அரண்மனை கிடைப்பதற்குப் பதில், அரண்மனைப் பெண்ணுக்கு மாட்டுக் கொட்டகை கிடைக்கிறது. ஆகத் தமிழ் சினிமா வாயைத் திறந்து பேசின முதல் நாளே ஒரு ராஜகுமாரி கல்யாணக் கூத்தைத்தான் பேசியிருக்கு.

அதில் இளவரசியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி ஐந்து வருஷம் கழித்து, 1936-இல், மிஸ் கமலா என்ற படத்தைத் தானே எழுதித் தயாரித்து இயக்கினார். தான் எழுதிய நாவலையே படமாக்கினார். சுயாதீன சினிமா என்று இப்போது பெரிய வார்த்தையாகச் சொல்கிறோமே, அதைத் தமிழில் ஒரு பெண் செய்து காட்டி எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள். ஆனால் மிஸ் கமலா சமூகக் கதை. ராஜகுமாரி கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ராஜலட்சுமி டைரக்டர் நாற்காலியில் உட்கார முடிந்தது என்று எனக்குத் தோன்றும். என் யூகம்தான்.

அடுத்தது 1943. ஜெமினியின் மங்கம்மா சபதம். எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, ஆச்சார்யா இயக்கம். வசுந்தரா தேவி (வைஜயந்திமாலாவின் அம்மா) மங்கம்மா. ரஞ்சன் இரட்டை வேடம். உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது "சபதம் போட்டுட்டா மங்கம்மாதான்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு குடியானவர் மகளிடம் இளவரசன் வம்பு பண்ணுகிறான். அவள் எதிர்த்துப் பேசுகிறாள். உன்னைக் கட்டிக்கிட்டு வாழாவெட்டியா வைக்கிறேன் பார் என்கிறான் அவன். உனக்கே ஒரு பிள்ளையைப் பெற்று, அவன் கையாலேயே உன்னைச் சவுக்கால் அடிக்க வைக்கிறேன் என்கிறாள் அவள். அப்புறம் வேஷம் மாற்றி, ஆடிப் பாடி, தன் புருஷனையே மயக்கி, சொன்னதைச் செய்தும் முடிக்கிறாள்.

இந்தக் கதைக்கு எவ்வளவு வயசு தெரியுமா? பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கிறது. மூலதேவன் என்ற மகா எத்தன், தன்னை வெட்கப்படுத்திய புத்திசாலிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போய்விடுகிறான். என் பிள்ளை உன்னைக் கட்டி இழுத்து வருவான் என்று அவள் சபதம் போடுகிறாள். உஜ்ஜயினிக்குப் போய், தாசி வேஷத்தில் அவனைச் சந்தித்து, பிள்ளை பெற்று, வளர்த்து அனுப்புகிறாள். பிள்ளை அப்பனையே ஏய்த்து இழுத்து வருகிறான். பதினாலாம் நூற்றாண்டு இத்தாலியில் பொக்காச்சியோவின் டெக்கமரானில் இதற்கு ஒரு தங்கச்சிக் கதை உண்டு. அதை வைத்து ஷேக்ஸ்பியர் ஒரு நாடகமே எழுதிவிட்டார். விட்டுப் போன புருஷனை, அவனுக்கே தெரியாமல் திரும்பப் பிடிக்கும் பொண்டாட்டி. உலகம் பூராவும் பாட்டிகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சொன்னார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன் :-)

மங்கம்மா பிரமாதமான ஆள்தான். ஆனா ஒரு விஷயத்தைக் கவனியுங்க. சபதம் அவளுடையது, புத்தி அவளுடையது, உழைப்பு அவளுடையது. கடைசியில் சவுக்கை எடுப்பது பிள்ளை. அடி வாங்குவது அப்பன். ரெண்டு பேருமே ரஞ்சன்! ஜெமினி காசு செலவழித்து, கேமரா வித்தை எல்லாம் காட்டியது அந்த இரட்டை வேடத்துக்குத்தான். கதை பெண்ணுடையது, வித்தை ஆணுடையது. அல்லி கூத்தில் பார்த்த அதே சங்கடம்.

இந்த இடத்தில்தான் பானுமதி உள்ளே வருகிறார். மங்கம்மா சபதத்தை ஜெமினி பிற்பாடு மங்களா என்ற பெயரில் இந்தியிலும் (1950) தெலுங்கிலும் (1951) எடுத்தது. அதில் மங்கம்மா பாத்திரம் பானுமதிக்கு. இரட்டை வேடம் மறுபடியும் ரஞ்சனுக்கு. அதற்குச் சற்று முன்னால் 1949-இல் ஜெமினியின் அபூர்வ சகோதரர்கள். அலெக்ஸாண்டர் டூமாவின் இரட்டையர் கதை. பிறந்ததும் பிரிக்கப்பட்டு, ஒருவன் சுகமாகவும் ஒருவன் காட்டிலும் வளர்வார்கள். ஒருத்தனுக்கு அடிபட்டால் இன்னொருத்தனுக்கு வலிக்கும். தமிழில் எம்.கே. ராதா இரட்டை வேடம், இந்தியில் (நிஷான்) ரஞ்சன் இரட்டை வேடம். ரெண்டிலும் நாயகி பானுமதி.

கணக்குப் பண்ணிப் பாருங்கள். 1949-லிருந்து 1951 வரைக்கும் இந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப, ரெண்டாகப் பிரிந்து நிற்கும் ஓர் ஆம்பளைக்கு எதிரே நின்று வசனம் பேசியிருக்கிறார். தான் பார்த்து நிற்கிற இடத்தில் பாதி நேரம் ஆளே இருந்திருக்காது. அடுத்த ஷாட்டில் வரப்போகிற ஆளைக் கற்பனை பண்ணிக்கொண்டு காதலிக்க வேண்டும். அப்போதே அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்? எனக்குத் தெரிந்து அதற்கு அவர் சொன்ன பதில் சண்டிராணிதான்.

பானுமதி யாரென்று இப்போதைய பிள்ளைகளுக்காக ரெண்டு வரி. 1925-இல் ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் பிறந்தவர். அப்பா சங்கீதப் பிரியர், மகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். 1939-இல் வரவிக்ரயம் என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகம். கிருஷ்ண பிரேமா படத்தில் நடிக்கும்போது அங்கே உதவி இயக்குநராக இருந்த ராமகிருஷ்ணாவைக் காதலித்து, 1943-இல் கல்யாணம் செய்துகொண்டார். மகன் பெயர் பரணி. 1940-களின் கடைசியில் புருஷனும் பெண்சாதியுமாகச் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதற்கும் மகன் பெயரே. பரணி பிக்சர்ஸ். சாலிகிராமத்து பரணி ஸ்டுடியோவும் இவர்களுடையதுதான். ரத்னமாலா, லைலா மஜ்னு (1949), பிரேமா (1952, தமிழில் காதல்) என்று வரிசையாக எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் இயக்கம் ராமகிருஷ்ணா, நாயகி பானுமதி.

ஜெமினி மாதிரி, ஏவிஎம் மாதிரி, சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் மாதிரி மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் பண்ணிய காலம் அது. அதில் ஒரு நடிகை தன் படத்துக்குத் தானே முதலாளியாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை. முதலாளியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே உதாரணம் இருக்கிறது. விஜயா கம்பெனியின் தெலுங்கு மிஸ்ஸம்மாவில் (1955) முதலில் நடிக்க ஆரம்பித்தவர் பானுமதிதான். விரத பூஜையால் ஒரு நாள் தாமதமாக வந்ததில் தயாரிப்பாளருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது, மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், இவர் தரவில்லை என்று சொல்வார்கள். எடுத்த காட்சிகள் போயே போச்சு. சாவித்திரி வந்தார், மிச்சம் சரித்திரம். எம்.ஜி.ஆர். சொந்தக் காசைக் கொட்டி எடுத்த நாடோடி மன்னனிலும் (1958) கருத்து வேற்றுமையில் பானுமதி பாதியில் விலக, அவர் பாத்திரம் பாதிப் படத்தில் செத்துப்போனது. இதையெல்லாம் பானுமதியின் தலைக்கனம் என்று எழுதியவர்கள் நிறைய. ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று சொல்லிவிட்டுத் தன் படத்தைத் தன் இஷ்டத்துக்கு எடுத்த எம்.ஜி.ஆரைத் துணிச்சல்காரர் என்றோம். அதே குணத்துக்குப் பெண்ணிடம் பெயர் வேறு.

சண்டிராணிக்கு வருவோம். இந்தத் தடவை இயக்கம் ராமகிருஷ்ணா இல்லை, பானுமதியே. அப்போது அவருக்கு 27 வயசு. தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் ஒரே சமயத்தில் எடுத்தார். நாயகன் என்.டி. ராமராவ், வில்லன் எஸ்.வி. ரங்காராவ். கதை நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. ராஜாவுக்கு இரட்டைக் குழந்தை. துரோகத்தால் குடும்பம் சிதைகிறது. குழந்தைகள் பிரிகின்றன. ஒன்று சாதுவாக வளர்கிறது, மற்றது காட்டில் வளர்ந்து கத்தி எடுக்கிறது. அபூர்வ சகோதரர்களேதான், ஆனால் சகோதரிகள். சாது சம்பா, காட்டு மகள் சண்டி. ரெண்டு பேரும் பானுமதி.

முதலாளியானதும் அவர் செய்துகொண்டது இதைத்தான். ஜெமினியில் எம்.கே. ராதாவுக்கும் ரஞ்சனுக்கும் கொடுத்த இடத்தை எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொண்டார். காதலிக்கும் பெண்ணும் நானே, கத்தி எடுத்து ராஜ்ஜியத்தை மீட்கிற 'ஹீரோ'வும் நானே. ராமராவ் என்ன பண்ணினார் என்று கேட்காதீர்கள். ராஜா ராணிப் படங்களில் கதாநாயகி வழக்கமாகச் செய்வாரே, அழகாக இருப்பது, பாடுவது, ஆபத்தில் மாட்டுவது, அந்த வேலைகளில் அவருக்கும் பங்கு கிடைத்தது :-)

தலைப்பைப் பாருங்க. சண்டி என்றால் காளி, சண்டிகேஸ்வரி. அதே சமயம் தமிழில் சண்டி மாடு, சண்டித்தனம். அடங்காத பெண்ணைத் திட்டுகிற வார்த்தையைக் கொட்டை எழுத்தில் போஸ்டரில் போட்டு, அதன் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு தில் வேண்டும். தெலுங்குக்காரருக்கு அந்தத் தமிழ்த் தொனி தெரிந்திருக்குமா என்று கேட்கலாம். அப்போதே சில வருஷமாகத் தமிழில் நடித்து, பாடி, மெட்ராஸிலேயே குடித்தனம் நடத்தியவர் அவர். தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இரட்டை வேடத்தை அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள் என்று கொஞ்சம் சொல்லணும். அப்போதான் இந்த அம்மா எதைத் தலையில் தூக்கி வச்சுக்கிட்டாங்கன்னு புரியும். லென்சுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு மறைப்பு வைத்து மூடுவார்கள். திறந்திருக்கும் பாதியில் நடிகர் ஒரு வேஷத்தில் நடிப்பார். அப்புறம் ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னால் சுற்றுவார்கள். மறைப்பை மறுபக்கம் மாற்றுவார்கள். நடிகர் ஓடிப்போய் வேஷம் மாற்றி வந்து, இன்னொரு பாதியில் நிற்பார். அதே ஃபிலிமில் ரெண்டாவது தடவை பதிவாகும். இந்த இடைவெளியில் கேமரா ஒரு நூல் நகரக்கூடாது, விளக்கு மாறக்கூடாது. நடுக்கோட்டை யாராவது தாண்டினால் கை மாயமாகிவிடும். முதல் வேஷத்தில் எந்த இடத்தைப் பார்த்துப் பேசினோமோ, எத்தனை நொடி விட்டோமோ, அதற்குச் சரியாக ரெண்டாவது வேஷம் பதில் பேசணும். ஏதாவது ஒன்று பிசகினால் ரெண்டு பாதியும் வீண். மறுபடியும் முதலிலிருந்து. சரியாக வந்ததா என்பது லேபில் கழுவி, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மானிட்டர் எல்லாம் கிடையாது.

இதை மூன்று மொழிக்கும் எடுக்கணும். ஒரே ஷாட், ரெண்டு பாதி, மூணு மொழி. ஒரு தப்பும் நடக்காவிட்டாலே ஆறு தடவை ஓடவேண்டும். சம்பா உடுப்பு, சண்டி உடுப்பு, தமிழ் வசனம், தெலுங்கு வசனம், இந்தி வசனம். சாதாரண இரட்டை வேடப் படத்திலாவது, நடிகர் தடுமாறினால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற டைரக்டர் பார்த்துச் சொல்வார். இங்கே டைரக்டரே கறுப்பு மறைப்புக்கு எதிரே, ஆளில்லாத பாதியைப் பார்த்து, தங்கச்சியிடம் பேசுகிற அக்காவாக நின்றுகொண்டிருக்கிறார். நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

ஏன் மூணு மொழி? பேராசை இல்லை, கணக்கு. அரண்மனை செட், உடை, குதிரை, கூட்டம் எல்லாம் ஒரு மொழிக்கு எடுத்தாலும் அதே செலவு, மூன்றுக்கு எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே செலவு. கூடுதலாகப் போவது ஃபிலிமும் நாளும்தான். 1948-இல் சந்திரலேகாவை இந்தியில் எடுத்துக்கொண்டு வடக்கே போன வாசன் அந்தச் சந்தையைத் திறந்து காட்டியிருந்தார். ஆனால் வாசனிடம் விநியோகம் இருந்தது, ஸ்டுடியோ இருந்தது, ஆனந்த விகடனும் இருந்தது. பரணியிடம் இருந்தது ஒரு குடும்பம். சின்னக் கம்பெனி ராஜா ராணிப் படம் எடுக்க ஆசைப்பட்டால், மூன்று சந்தையில் விற்றால்தான் கட்டுப்படியாகும். சமூகப் படம் என்றால் ரெண்டு வீடு, ஒரு தெருவில் முடித்துவிடலாம். மாயக் கதைக்கு மாயம் காட்டணுமே.

போதாத காலம், படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்த சி.ஆர். சுப்பராமன் 1952 ஜூனில் இருபத்தெட்டே வயசில் காலமானார். பரணி கம்பெனிக்கு லைலா மஜ்னு போட்டுக் கொடுத்த மனுஷன். மிச்ச வேலையை அவரிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் முடித்துக் கொடுத்தார். நமக்கெல்லாம் மெல்லிசை மன்னர் என்று பிற்பாடு தெரியப்போகிறவரின் ஆரம்ப காலப் பாட்டுகளில் சில, ஒரு பெண் இயக்குநரின் படத்தில் இருக்கின்றன. அந்தப் படத்தின் நிலாக்கால டூயட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கண்டசாலாவும் பானுமதியும் பாடியது. இல்லையென்றால் தேடிக் கேளுங்கள். பிரிண்டில் மழை பெய்தாலும் பாட்டு கேட்கும்.

படம் குறையே இல்லாததா என்றால், இல்லை. அந்தக் காலத்து ராஜா ராணிப் படங்களின் எல்லா நோயும் இதற்கும் உண்டு. நீளம் ஜாஸ்தி, சதி ஆலோசனைகள் ஜாஸ்தி. எனக்குச் சம்பாவைவிடச் சண்டியைத்தான் பிடிக்கும். பானுமதிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல. சண்டியாக வரும்போது குரல், நடை, முழி எல்லாமே அவர் சொந்தச் சரக்கு. சாதுவாக இருப்பதுதான் அவருக்கு நடிப்பு. அதில் கொஞ்சம் உழைப்பு தெரியும்.

இப்போ ஒரு சின்ன வம்பு. இரட்டையர் கதையைப் பெண்ணுக்கு மாற்றிய புரட்சி என்று எல்லாரும் எதைச் சொல்வார்கள்? 1972-இல் வந்த இந்தி சீதா அவுர் கீதா. தெலுங்கு ராமுடு பீமுடு (1964), நம்ம எங்க வீட்டுப் பிள்ளை (1965), இந்தி ராம் அவுர் ஷ்யாம் (1967) என்று ஆண் இரட்டையர் ஓடி முடித்த பிறகு, அதையே பெண்ணாக்கி ஹேமமாலினியை வைத்து எடுத்தது. தமிழில் அதுதான் வாணிஸ்ரீ நடித்த வாணி ராணி (1974). நல்ல படங்கள்தான், நானும் ரசித்தவன்தான். ஆனால் இருபது வருஷம் முன்னாலேயே, அபூர்வ சகோதரர்கள் வந்து நாலே வருஷத்தில், பானுமதி அதைச் செய்துவிட்டார். அதையும் யாரோ எழுதி, யாரோ இயக்கி, இவர் நடித்ததாக இல்லாமல். பட்டியல் போடும் யாருக்கும் சண்டிராணி ஏன் ஞாபகம் வருவதில்லை? பாட்டிக் கதையை சரித்திரத்தில் சேர்ப்பதில்லை என்று ஒரு பழக்கம். விட்டலாச்சார்யாவைப் பற்றிப் பேசினாலே சிரிக்கிற ஆட்கள்தானே நாம்.

அதன் பிறகு பரணி பிக்சர்ஸ் அரண்மனையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. 1954-இல் சக்ரபாணி என்று தெலுங்கில் ஒரு நகைச்சுவைப் படம். கஞ்சத் தாத்தா, சொத்து, போலிக் கணவன் என்று போகும். இயக்கம் மறுபடி ராமகிருஷ்ணா. பானுமதி இந்தத் தடவை இசையும் அமைத்தார்! 1957-இல் தமிழில் மணமகன் தேவை, சிவாஜியோடு. தலைப்பே பத்திரிகை விளம்பரம் மாதிரி. பழைய கதையில் சுயம்வரம் வைப்பார்கள், இதில் விளம்பரம் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அரண்மனைச் செலவு இல்லாமலே அதே விளையாட்டை ஆடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நடுவில் 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தில் மர்ஜியானாவாக வந்து, திருடர்கள் கதையில் எல்லாரையும்விடப் புத்திசாலி அடிமைப்பெண்தான் என்பதை அந்த கேவா கலரில் நிரூபித்துவிட்டுப் போனார். அது டி.ஆர். சுந்தரத்தின் படம். ஆனால் அதில் பானுமதி இருக்கும் காட்சிகளில் யார் முதலாளி என்று பார்த்தாலே தெரியும்.

இன்னொரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன். இவர் நல்ல நகைச்சுவை எழுத்தாளர். மாமியாரை நாயகியாக வைத்துத் தெலுங்கில் எழுதிய 'அத்தகாரி கதலு' ரொம்பப் பிரபலம். அதாவது காமெடி அவருக்குச் சினிமாவில் ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை, உள்ளேயே இருந்தது. 1982-இல், அறுபதை நெருங்கும் வயசில், பக்த துருவ மார்க்கண்டேயா என்று முழுக்கக் குழந்தைகளை மட்டுமே நடிக்க வைத்து ஒரு படம் இயக்கினார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் மறுபடி கதை கேட்கிற வயசுக்காரர்களிடமே போனார். 2005 டிசம்பர் 24-இல் சென்னையில் காலமானார்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்க தெருப் பையன் ஒருத்தன். விஸ்காம் படித்துவிட்டு, நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து, கிரிவலப் பாதையிலேயே ஒரு படம் எடுக்கப் போகிறானாம். கையில் வாடகைக் கேமரா, மலை இருக்கு, அடி அண்ணாமலையார் கோயில் குளம் இருக்கு, பௌர்ணமிக்குக் கூட்டம் இலவசம். "அண்ணே, சிண்ட்ரெல்லா மாதிரி ஒரு லவ் காமெடி, நம்ம ஊர்ல நடக்குது" என்றான். சிண்ட்ரெல்லா வேண்டாம்டா, 1697-இல் பெரோ எழுதினதை எல்லாரும் எடுத்துட்டாங்க, நீ அல்லியை எடு, மங்கம்மாவை எடு, மதனகாமராஜன் கதையை எடு என்றேன். மதனகாமராஜன் கதையை 1886-லேயே நடேச சாஸ்திரி இங்கிலீஷில் போட்டுவிட்டார். வெள்ளைக்காரனே படித்துவிட்டான், நம்ம பையன் படிக்கவில்லை.

மாணிக்கவாசகர் இங்கேதான் உட்கார்ந்து திருவெம்பாவை பாடினார் என்று ஊரே சொல்லும், அவருக்குப் பாதையோரம் கோயில் இருக்கு. அதில்கூட இன்னும் தூங்குகிற தோழியைத் தோழிகள் வாசலில் நின்று கிண்டல் பண்ணித்தானே எழுப்புகிறார்கள், பக்திக்குள்ளேயே ஒரு கலாட்டா இருக்கு பார் என்றேன். தலையை ஆட்டினான்.

அப்புறம் கதையைச் சொன்னான். ரெண்டு அண்ணன் தம்பி, உருவ ஒற்றுமை, பூ விற்கிற ஒரு பெண். ரெண்டு வேஷத்தையும் ஒருத்தனே பண்ணப் போகிறானாம், இப்போ கம்ப்யூட்டரில் ரொம்ப ஈஸியாம். சண்டிராணி கதையைச் சொல்லிவிட்டு, அந்தப் பூக்காரப் பொண்ணு ரெண்டு பேரா இருந்தா என்னடா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ ஹீரோவுக்கு என்னண்ணே வேலை?"

அவனேதான் ஹீரோ என்பதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.